ஐந்து துளைகளும் ஓர் ஏப்பமும்

அறுபத்தெட்டாம் வயதில் வயிற்றில் ஐந்து துளை போட்டுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். காரணம் உருளைக்கிழங்கு வறுவல். வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. தேட வேண்டாம்.

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு நெஞ்செரிச்சல். முப்பத்தைந்து வருஷம் உருக்காலையில் கிரேன் ஓட்டியவன் நான். உலையைப் பக்கத்தில் பார்த்தவன். அதனால் எரிச்சல் என்று சொன்னால் தெரிந்துதான் சொல்கிறேன். குனிந்தால் வரும். படுத்தால் வரும். காபி குடித்தால் வரும். வெங்காயம் என்று காகிதத்தில் எழுதினாலே வரும். இரைப்பையின் மேல்வாய் சரியாக மூடவில்லை, உள்ளே இருக்கிற அமிலம் மேலே ஏறுகிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். மூடாத வாய் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அர்லெத் சிரிக்கவில்லை.

லியேஜ் நகரத்தில் பிறந்தவனுக்கு வறுவலும் பீரும் ஆகாது என்றால் அவன் எதற்காகக் காலையில் எழுந்திருக்க வேண்டும்? வியாழக்கிழமைதோறும் மாதாகோவில் சதுக்கத்தில் வறுவல் வண்டி வந்து நிற்கும். மாட்டுக் கொழுப்பில் இரண்டு தரம் பொரித்து, காகிதக் கூம்பில் போட்டு, மேலே ஒரு கரண்டி மயோனைஸ் வைத்துத் தருவார்கள். பக்கத்து வீட்டுக் கமீல் சாப்பிடுவான். நான் அவனுக்கு எதிரே நின்று மோந்து பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷம் இப்படியே.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த எரிச்சல் எனக்குச் சில உபகாரங்களும் செய்திருக்கிறது.

முதல் உபகாரம் சனிக்கிழமை. எங்கள் தெருவில் சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு வீட்டு வாசல்படியையும் மண்டியிட்டு, சோப்பும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். நீல நிறப் பாறைக் கல் படி. அது பளபளக்காவிட்டால் அந்த வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். அர்லெத்துக்கு முழங்கால் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. முழங்கால் போன மற்ற வீடுகளில் புருஷன்மார் பிரஷைக் கையில் எடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. குனிந்தால் அமிலம் ஏறுமே. அர்லெத் நின்றபடியே நீளக் கம்புத் துடைப்பத்தால் தேய்த்தாள். அது தேய்ப்பது இல்லை, தடவிக் கொடுப்பது என்று எதிர்வீட்டுக்காரி யாரிடமோ சொன்னது இவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சில்லை.

இரண்டாவது உபகாரம் ஞாயிற்றுக்கிழமை. அர்லெத்தின் அக்கா இர்மா வெர்வியேயில் இருக்கிறாள். ரயிலில் அரை மணி நேரம். ஞாயிறுதோறும் அங்கே மதிய விருந்து. பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழுந்திருக்கலாம். இர்மாவின் புருஷன் ஓகுஸ்த் தன் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல்லை ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறான். சூப்புக்கும் இறைச்சிக்கும் நடுவே அதைப் பார்வைக்குச் சுற்றுக்கு விடுவான். இரண்டு ஞாயிறு போனேன். மூன்றாவது ஞாயிறு கிளம்பும் நேரத்தில் நெஞ்சில் கை வைத்து இரண்டு ஏப்பம் விட்டேன். நிஜமான ஏப்பம், நிஜமான எரிச்சல். அர்லெத் தனியாகப் போனாள். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

அவள் போனதும் நான் மாடிக்குப் போவேன். அங்கேதான் என் புறாக்கூண்டு. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை ஞாயிறுகளில் பந்தயம். பிரான்சின் தெற்கே எங்கேயோ விட்ட புறா என்னை நம்பி அறுநூறு கிலோமீட்டர் பறந்து வருகிறது. வந்து இறங்கும் நிமிஷத்தைக் கடிகாரத்தில் பதிய நான் அங்கே இருக்க வேண்டாமா? ஓகுஸ்தின் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடக்குமா?

ஆக, சிக்கல் இதுதான். ஆபரேஷன் செய்துகொண்டால் வறுவல் வரும், ஞாயிறு போய்விடும். எனக்கு இரண்டும் வேண்டும்.

கமீலிடம் சொன்னேன். அவன் வறுவல் மென்றுகொண்டே யோசித்தான். மூன்றாவது வறுவலில் வழி கிடைத்துவிட்டது.

"எரிச்சல் வயித்த விட்டுப் போகட்டும். வாயில இருக்கட்டும்."

"புரியல."

"ஆபரேஷன் பண்ணிக்க. ஆனா சரியாகலன்னு சொல்லிடு. வயித்துக்குள்ள எட்டிப் பாக்கவா போறா?"

இப்படித்தான் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தேன். அர்லெத் ஆச்சரியப்பட்டாள். ஏனென்று கேட்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

டாக்டர் கோலார் சின்னப் பையன், முப்பத்தைந்துதான் இருக்கும். வயிற்றைக் கிழிக்கிற காலம் போய்விட்டது என்றார். ஐந்து சின்னத் துளை. ஒன்றில் கேமரா. மற்றதில் நீளமான இடுக்கிகள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே உள்ளே வேலை செய்வாராம். இரைப்பையின் மேல் பாகத்தை எடுத்து, குளிருக்குக் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றுவதுபோல, உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைத்துவிடுவார். பிறகு அமிலம் மேலே வராது. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் போட்டார்.

நான் மூன்று கேள்வி கேட்டேன். வீட்டுக்கு எப்போது? மூன்று நாளில். வறுவல் எப்போது? இரண்டு மாதத்தில். பீர்? பீர் கொஞ்சமாக, மெதுவாக, ஏனென்றால் என்று ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து கோட்டு போட்டுக்கொண்டேன். அவர் நாலு பக்கத்துக்கு ஒரு காகிதத்தை நீட்டினார். இதெல்லாம் அவளிடம் கொடுங்கள் என்று அர்லெத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கேயே படிக்க ஆரம்பித்தாள்.

மார்ச் மாதம் ஆபரேஷன். விழித்தபோது வயிறு வலிக்கவில்லை, தோள் வலித்தது. உள்ளே காற்றை நிரப்பி வயிற்றை உப்ப வைத்துத்தான் வேலை செய்வார்களாம். அதனால் வரும் வலியாம். துளை ஓரிடம், வலி ஓரிடம். ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தபோது கட்டில் சமமாக நின்றது. சொல்ல மறந்துவிட்டேன். அமிலம் ஏறாமல் இருக்க எங்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்திருந்தோம். இருபத்திரண்டு வருஷமாக அர்லெத்தும் அந்தச் சரிவில்தான் படுத்தாள். காலையில் பார்த்தால் அவள் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அந்தச் செங்கல்களை எடுத்துக் கழுவி, கொல்லையில் அடுக்கியிருந்தாள்.

ஒரு மாதம் சூப். பிறகு மசித்த உருளைக்கிழங்கு, மசித்த கேரட், மசித்த ஏதோ. ஆனால் எரிச்சல் இல்லை. சுத்தமாக இல்லை. குப்புறப் படுத்துப் பார்த்தேன். குனிந்து ஷூ கயிறு கட்டிப் பார்த்தேன். உலை அணைந்துவிட்டது. சின்னப் பையன் கெட்டிக்காரன்தான்.

ஏப்பமும் வரவில்லை. சூப் குடிக்கிறவனுக்கு ஏப்பம் எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். ஆனால் என் திட்டத்துக்கு ஏப்பம் வேண்டும். தெருவே அறிந்த ஏப்பம் என்னுடையது. அது இல்லாமல் என் நெஞ்செரிச்சலை யார் நம்புவார்கள்? மாடியில் புறாக்களுக்கு நடுவே பயிற்சி செய்தேன். காற்றைத் தொண்டைவரை இழுத்து அங்கேயே திருப்பி விடுவது. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கமீல் வந்து காது கொடுத்துக் கேட்டான். முதலாவது தவளை என்றான். இரண்டாவது துருப்பிடித்த கதவு. பத்தாவது நாளில், ஆங், இது நீ என்றான். புறாக்கள் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆறு வாரம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை. அர்லெத் வாளியும் பிரஷும் கொண்டு வந்து வாசலில் வைத்தாள். கூடவே மண்டியிட ஒரு மெத்தை. பழைய திரைச்சீலையில் அவளே தைத்தது. இனிமேல் குனியலாம், காகிதத்தில் போட்டிருக்கிறது என்றாள்.

மண்டியிட்டேன். பிரஷால் இரண்டு இழுப்பு இழுத்தேன். எழுந்தேன். நெஞ்சில் கை வைத்தேன். விட்டேன் ஒன்று. எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது.

அர்லெத் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஏப்பமா?"

"ஏப்பந்தான். எரியுது. பழையபடி."

"பழையபடியேவா?"

"சந்தேகமா? இன்னொண்ணு விடட்டுமா?"

"வேண்டாம். ஒண்ணே போதும்."

வாளியை அவளே எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, அப்படியானால் செங்கல் வேண்டுமா என்று கேட்டாள். அந்த இடத்தில் எனக்குச் சற்று உறுத்தியது. ஒளிக்கவில்லை. ஆனால் மறுநாள் பந்தயம். வேண்டும் என்றேன். கனம் தூக்கக்கூடாது என்று நானே ஞாபகப்படுத்தியதால் கொல்லையிலிருந்து அவளே கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாக, நாலு நடை.

ஞாயிறு காலை இரண்டு ஏப்பம். அவள் தனியாக வெர்வியே போனாள். என் சாம்பல் நிறப் பெட்டை பதினேழாவதாக வந்தது.

ஏழு வாரம் ராஜாவாக இருந்தேன். வீட்டில் மசியல், வியாழக்கிழமை வறுவல். முதல் கூம்பைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை, எழுதவும் மாட்டேன். வறுவலை முடித்துவிட்டு கமீலும் நானும் ஆற்றங்கரை பெஞ்சில் பீர் குடிப்போம். பீர் குடித்தால் மட்டும் வயிறு டமாரம் போல உப்பியது. பிறகு தானே இறங்கியது. எப்படி இறங்கியது என்பதை எழுத வேண்டியதில்லை. கமீல் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஒருநாள், மசியலைத் தட்டில் போட்டுக்கொண்டே அர்லெத் சொன்னாள்.

"டாக்டர் கோலாருக்குப் போன் பண்ணேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டார்."

"எதுக்கு?"

"உனக்குச் சரியாகலன்னு. நூறு பேருக்குப் பண்ணிருக்காராம், உன்னப் போல யாருமே இல்லையாம். பரிசோதனை பண்ணணுங்கறார். மூக்கு வழியா ஒரு குழாய். ஒரு நாள் முழுக்க அதோட இருக்கணும்."

"வேண்டாம். நான் பொறுத்துக்கறேன்."

"நீ பொறுத்துப்ப. நான் எப்படிப் பொறுப்பேன், ஃபிர்மன்? ராத்திரி பகல் எரியுதுங்கற."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். போனேன். வியாழக்கிழமைதான் கிடைத்ததாம். வறுவல் நாள்.

மெல்லிய குழாயை மூக்கில் விட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி, மறுமுனையை இடுப்பில் ஒரு பெட்டியோடு சேர்த்துக் கட்டினார்கள். நர்ஸ் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நீளமாகப் போகும் என்று தெரிந்தது. அமுக்க வேண்டிய பொத்தான் எது என்று மட்டும் கேட்டேன். எரியும்போது இதை அமுக்குங்கள் என்று காட்டினாள். மற்றதை அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அர்லெத்திடம் ஒரு நோட்டையும் கொடுத்தார்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தேன் என்று எழுத வேண்டுமாம்.

கமீல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் மூக்கைப் பார்த்தான். சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

"எத்தன தடவ அமுக்கணும்?" என்றேன்.

"தாராளமா அமுக்கு. பொட்டிக்கு என்ன தெரியும்? நீ அமுக்கினா எரியுது. அமுக்காட்டி எரியல."

நியாயமாகப் பட்டது. பதினேழு தடவை அமுக்கினேன். சும்மா இல்லை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கை வைத்து, முகத்தைச் சுளித்து, முறைப்படி. அர்லெத் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை போல அழகான எழுத்து.

அடுத்த வாரம் டாக்டர் கோலாரின் அறையில் அதைப் படித்தேன். மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

பத்து நாற்பது. வாளியைப் பார்த்தான். பொத்தான்.

பன்னிரண்டு பதினைந்து. இர்மா போன் செய்தாள். பொத்தான்.

மூன்று ஐந்து. ஞாயிற்றுக்கிழமை ரயில் நேரம் மாறியிருக்கிறது என்று சொன்னேன். பொத்தான், இரண்டு தடவை.

டாக்டர் பக்கத்தில் ஒரு நீளக் காகிதத்தை விரித்தார். அதில் ஒரு கோடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேர்க்கோடு. கோட்டின் மேலே அங்கங்கே பதினேழு அம்புக்குறி.

"அம்புக்குறி நீங்க அமுக்கினது, ஐயா. கோடு உள்ள இருக்கற அமிலம். குழாயோட நுனி அதத்தான் அளக்குது. நாள் முழுக்க ஒரு சொட்டு ஏறல. இவ்வளவு நல்லா நான் இதுவரைக்கும் யாருக்கும் தச்சதில்ல."

குழாய் அளக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நர்ஸ் சொல்ல வந்தாள். சரி. ஆனால் நான் உருக்காலைக்காரன், லேசில் விட மாட்டேன். கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"கோடு கெடக்கட்டும் டாக்டர். ஏப்பம் வருதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"ஏப்பமா?"

"வாரத்துக்கு ரெண்டு நாள். தெருவே கேக்குது."

டாக்டர் என்னைப் பார்த்தார். அர்லெத்தைப் பார்த்தார். சுற்றித் தைத்திருக்கிற தையலில் அமிலமும் மேலே வராது, காற்றும் வராது, உங்களால் இப்போதைக்கு ஏப்பமே விட முடியாது என்றார். அதைத்தான் அன்றைக்குப் பீர் விஷயத்தில் சொல்ல வந்தாராம். நான் கோட்டு போட்டுக்கொண்டிருந்தேனாம்.

அர்லெத் கைப்பையைத் திறந்தாள். அந்த நாலு பக்கக் காகிதத்தை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் நடு வரிக்கு அடியில் பென்சில் கோடு. அதுவும் நேர்க்கோடுதான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"மொத ஏப்பத்துலயே."

"தெரிஞ்சே என் மூக்குல குழாய விட வச்சியா?"

"எனக்குத் தெரிஞ்சா போதுமா? இருபத்திரண்டு வருஷமா உன்னப் பாவம் பாவம்னு சொல்லிட்டிருக்கா இர்மா. நான் சொன்னா நம்பல. டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் காட்டுன்னா." கைப்பையை மூடினாள். "அதுவுமில்லாம ஏழு வாரம் நான் செங்கல் மேல படுத்தேன். நீ ஒரு நாள் குழாயோட படுத்தா என்ன?"

பஸ் வந்தது. ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் இடம் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை படியைத் தேய்த்தேன். மெத்தை நன்றாகத்தான் இருந்தது, தையல் உறுதி. முடித்து நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து அர்லெத்துக்குக் காலை வணக்கம் சொன்னாள். அர்லெத் பதில் சொன்னாள். பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். என்னைப் பற்றித்தான்.

ஞாயிறு காலை புறாக்கூண்டின் சாவியையும் கடிகாரத்தையும் கமீலிடம் கொடுத்தேன். அவன் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். ரயிலில் ஏறினோம். அர்லெத் மடியில் அரிசிப் பணியாரத் தட்டு. இர்மாவுக்குப் பிடிக்குமாம்.

பாதி வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மேல் வழி அடைத்தாகிவிட்டது. சரி. கீழ் வழியை எந்த டாக்டரும் தைக்கவில்லையே? ஆற்றங்கரையில் கமீல் நகர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. இர்மா நாசூக்கானவள். மேஜை விரிப்புக்கு இஸ்திரி போடுகிறவள். இரண்டு கிளாஸ் பீர், ஒரு மணி நேரம். அவளே அடுத்த ஞாயிறு வர வேண்டாம் என்று கெஞ்சுவாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று அர்லெத் கேட்டாள். வெயில் நன்றாக இருக்கிறது என்றேன்.

இர்மா கதவைத் திறந்தாள். கன்னத்தில் முத்தமிட்டாள். என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மேஜையைச் சுற்றி நாற்காலிகள் வழக்கம்போல இருந்தன. இரண்டு மட்டும் தள்ளி, ஜன்னலோரம். ஜன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்திருந்தது. அவற்றில் ஒன்றில் ஓகுஸ்த், கையில் குப்பியோடு, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அர்லெத் மூணாம் பக்கத்தையும் படிச்சுக் காட்டினா, ஃபிர்மன்," என்றாள் இர்மா. "கூச்சப்படாம உக்காரு. ஓகுஸ்துக்கு வாசனை தெரியாமப் போயி பத்து வருஷமாச்சு."